பாதுகாப்பாக வைத்திருக்கிறோம்

மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுக்கு ஆங்கில ஆசிரியையாகப் போய் இறங்கிய முதல் பத்து நாட்களில் நான் அதிகம் கேட்ட சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பாதுகாப்பு. அது 2014 ஜனவரி. எனக்கு 27 வயது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., பி.எட்., திருநெல்வேலியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்கு வருட அனுபவம். அந்தச் சொல்லை அப்பா சொன்னார். ஏஜென்ட் சொன்னார். பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு முன்பே அங்கே போயிருந்த நம்மூர் சார்களும் டீச்சர்களும் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லி முடிக்கும்போது என்னிடமிருந்து ஏதோ ஒன்று அவர்கள் கைக்குப் போயிருந்தது. ஒருவரிடம் பாஸ்போர்ட், ஒருவரிடம் சம்பளம், இன்னொருவரிடம் என் சாயங்காலம்.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிரானது. ஆபத்தே இல்லை என்று வாதாட வரவில்லை. அதற்கும் வருகிறேன்.

மெட்ரிக் பள்ளியில் எனக்கு மாதம் 7,500 ரூபாய். அதில் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சியதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. வெளிநாடு போகிறேன் என்றபோது அப்பா துபாயை வேண்டாம் என்றார், பாங்காக்கைக் காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் மாலத்தீவுக்குச் சம்மதித்தார். "திருவனந்தபுரத்துலேருந்து ஒரு மணி நேரம்தான். ஏதாவதுன்னா கூட்டிட்டு வந்துரலாம். பாதுகாப்பான ஊரு." அந்த "கூட்டிட்டு வந்துரலாம்" என்பதை அப்போது பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பாசம்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் என் அண்ணன் சவூதிக்குப் போனபோது அவனைக் கூட்டிவர எத்தனை மணி நேரம் ஆகும் என்று எங்கள் வீட்டில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் வாங்கினார். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இன்று அது 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அப்படி ஒரு வரம்பு உண்டு என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அவருடைய அலுவலகத்தில் எனக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நிற்க, ஆறு பக்க ஒப்பந்தத்தில் பக்கத்துக்கு ஒரு கையெழுத்து போட்டேன். படித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது அவர் சிரித்தார். "நீங்களே இங்கிலீஷ் டீச்சர். உங்களுக்கு என்னம்மா பயம்? லேடீஸ்க்கு ரொம்ப சேஃப்டியான பிளேஸ்."

மாலேக்கும் விமான நிலையத் தீவுக்கும் நடுவே இப்போது பாலம் இருக்கிறது, 2018-ல் திறந்தார்கள். நான் போனபோது படகுதான். அதற்கு அங்கே பெயர் தோணி. முதல் நாள், முதல் பத்து நிமிடத்துக்குள், என் மொழியிலேயே ஒரு சொல் கிடைத்துவிட்டதே என்று அசட்டுத்தனமாகச் சந்தோஷப்பட்டேன். பெட்டியைத் தூக்கிவைத்த பையன் என்னை அப்பா பெயரைச் சொல்லி அழைத்தான். நம் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தால் அப்படித்தான் ஆகும். சம்பளச் சீட்டு வரைக்கும் அங்கே நான் என் அப்பாதான். மாலேயில் மருத்துவப் பரிசோதனை, ஒரு ராத்திரி தங்கல், மறுநாள் ஐந்து மணி நேரம் இன்னொரு படகு. வாந்தி எடுத்தபடிதான் தீவில் இறங்கினேன்.

பாஸ்போர்ட்டை மாலேயிலேயே வாங்கிக்கொண்டார்கள். பணி அனுமதிக்கும் விசாவுக்கும் வேண்டும் என்றார்கள். அது நியாயமான காரணம், அதில் எனக்குப் புகார் இல்லை. வேலை முடிந்ததும் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். பள்ளி அலுவலகத்தின் லாக்கருக்கு வந்துவிடும், எல்லா டீச்சர்களுடையதும் அங்கேதான் இருக்கிறது, உங்கள் பாதுகாப்புக்காக என்றார்கள். "சேஃப் கஸ்டடி" என்பது அவர்கள் சொன்ன சொல். கஸ்டடி என்ற சொல்லை நம்மூரில் போலீஸோடு சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது உறைக்கவில்லை.

பெண் ஆசிரியர்கள் மூன்று பேருக்கு ஒரு வீடு. மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர், கேரளத்திலிருந்து ஒருவர், நான். குடிக்க மழைநீர்த் தொட்டி; காய்கறி வேண்டுமென்றால் சரக்குப் படகு வரவேண்டும். முதல் வாரம் நான் சாப்பிட்டது பெரும்பாலும் ரொஷியும் மாஸ் ஹுனியும். தேங்காய்த் துருவலும் வெங்காயமும் சூரை மீனும் பிசைந்தது; வாயில் வைத்ததும் வீட்டு நினைவு வந்துவிட்டது. சாப்பாட்டைப் பற்றி நம்மூர்க்காரர்கள் சொல்லிவிட்ட பயங்கரங்கள் எல்லாம் பொய்.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆறு மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது. போயே ஆகவேண்டுமென்றால் இரண்டு பேராக, கடை வரைக்கும். இதை எனக்குச் சொன்னது பள்ளி நிர்வாகம் அல்ல. அங்கே பத்து வருடமாக இருக்கும் நம்மூர் சார் ஒருவர். "வேற நாடு, வேற மதம், வேற ஜனங்க. நம்ம பொண்ணுங்கள நாமதான் பார்த்துக்கணும். ஊர்ப் பேரக் கெடுத்துடாதீங்கம்மா." டீச்சர்கள் தலையாட்டினோம். அந்த வீட்டில் சார்கள் யாரும் இல்லை. அவர்கள் வீட்டுக்கும் இந்தச் சட்டம் இல்லை. தினமும் மாலை துறைமுகத்தில் பந்து விளையாடிவிட்டு ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி எட்டரைக்கு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். கீழே தெருவில் யார் நடமாடிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? பெண்கள். இஷா தொழுகை முடிந்திருந்தது, கடைகள் மறுபடி திறந்திருந்தன. தலையில் துணி போட்ட இரண்டு பெண்கள் ஸ்கூட்டரில் போனார்கள். எதிர்வீட்டு வாசலில் ஜோலியில், கம்பிச் சட்டத்தில் கயிறு பின்னிய இருக்கை அது, ஒரு பாட்டி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகளும் பேத்தியும். பத்து மணி வரைக்கும் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தது. விடியற்காலையில் தெருவைப் பெருக்கியவர்களும் பெண்கள்தான்.

அந்த ஊரைப் பெண்களின் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்து மேடைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து அரசியல் பேசுவது அங்கேயும் ஆண்கள்தான். ஆனால் ஆறு மணிக்குக் கதவை அடைக்கும் சட்டம் அந்தத் தீவினுடையது இல்லை. அதை நாம் நம்மூரிலிருந்து மூட்டைகட்டி, கடல் தாண்டிக் கொண்டுபோய், "வேற ஜனங்க" மேல் பழிபோட்டு அங்கே நட்டுவைத்திருந்தோம். இஸ்லாமிய நாடு என்றால் பெண்ணை அடைத்துவைப்பார்கள் என்று வாய்கூசாமல் சொல்லும் நாம்தான் அந்தத் தெருவில் அடைபட்டிருந்த ஒரே பெண்கள். அதை எனக்குப் பார்க்கக் காட்டியது ஒரு பாட்டியும் ஒரு கயிற்று இருக்கையும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு. அங்கே வாரம் ஞாயிறில்தான் தொடங்கும். எட்டாம் வகுப்பு. பின்வரிசைப் பையன் ஒருவன் நோட்டை ஆங்கிலத்துக்கு ஒரு முனையிலிருந்தும் திவேஹிக்கு மறுமுனையிலிருந்தும் எழுதிக்கொண்டிருந்தான். அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். இரண்டும் நோட்டின் நடுவே ஒருநாள் முட்டிக்கொள்ளும். நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்து அவன் ஆச்சரியப்பட்டான். அன்றைய பாடம் மோடல் வினைகள். கேன், மே, மஸ்ட், ஷல். கரும்பலகையில் எழுதி, எப்போதும்போல விளக்கினேன். 'மே' என்றால் செய்யலாம், செய்யாமலும் போகலாம். 'ஷல்' என்று எழுதப்பட்டால், அதிலும் சட்ட மொழியில், செய்தே ஆகவேண்டும். முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்: "மிஸ், அப்படியென்றால் 'மே' என்று எழுதினால் ஏமாற்றிவிடலாமா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம், ஆறு மணிக்குமேல் வேறு எங்கே போவது, பெட்டியைத் திறந்து என் ஒப்பந்தத்தை எடுத்தேன். முதல்முறையாக ஒரு ஆங்கில ஆசிரியை படிப்பதுபோல அதைப் படித்தேன், பென்சிலோடு. பணியாளர் என்று வரும் இடமெல்லாம் ஷல். நிர்வாகம் என்று வரும் இடமெல்லாம் மே. அழைக்கும்போதெல்லாம் பள்ளி நேரத்துக்கு அப்பாலும் பணியாளர் வர வேண்டும். நிர்வாகம் ஆண்டுக்கு ஒருமுறை விமானச்சீட்டு வழங்கலாம். பணியாளர் முன்னறிவிப்பு தர வேண்டும். நிர்வாகம் தங்குமிடத்தை மாற்றலாம். ஆறு பக்கத்தில் பாஸ்போர்ட் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று இரண்டுமுறை தேடினேன். இல்லை. என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள அவர்களிடம் ஒரு 'மே' கூட இல்லை. இருந்தது 'பாதுகாப்பு' மட்டும்தான்.

எனக்குக் கோபம் வந்தது, முதலில் என்மேல். ஜேன் அயரில் ஒரு கவர்னஸின் நிலையை விளக்கிப் பல்கலைக்கழகத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி அத்தனை ஆங்கிலம் படித்துவிட்டு, நான் வேலைக்குப் போகும் காகிதத்தைப் படிக்கவில்லை. பிறகு யோசித்தால், படிக்கச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. இங்கிலீஷ் படிச்சா பொண்ணு பொழைச்சுக்குவா என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எந்த இங்கிலீஷ்? மாப்பிள்ளை வீட்டார் முன் பேசுகிற இங்கிலீஷ், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற இங்கிலீஷ், உச்சரிப்பு பிசகாத இங்கிலீஷ். ஒப்பந்தம், வங்கிப் படிவம், வாடகைப் பத்திரம், இன்சூரன்ஸ் காகிதம், இவற்றைப் பிரித்துப் படிக்கிற ஆங்கிலம் ஆண்களின் மேஜையில் இருக்கிறது. "நீ கையெழுத்து மட்டும் போடு, நான் பார்த்துட்டேன்" என்று அப்பாவோ கணவனோ சொல்லாத வீடு எத்தனை? ஆங்கிலம் கற்பிக்கும் பெண்ணுக்கே இதுதான் நிலை.

ஒன்பதாம் நாள் ராத்திரி மதுரை அக்காவுக்கு ஊரிலிருந்து ஃபோன் வந்தது. நான்கு வயது மகனுக்கு டெங்கு, தட்டணுக்கள் குறைந்துவிட்டன, ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள். மாலேக்குப் படகு வாரத்தில் மூன்று நாள். மறுநாள் காலை ஆறரைக்கு ஒன்று இருந்தது. ராத்திரியே அலுவலகத்தாரின் வீட்டுக்கு ஓடினோம், இரண்டு பேராக, சட்டப்படிதான். லாக்கர் சாவி வைத்திருந்தவர் ஏதோ கூட்டத்துக்காக மாலே போயிருந்தார். சாவியும் அவரோடு போயிருந்தது. இரண்டாவது சாவி இல்லை. பாதுகாப்புக்காகத்தான் ஒரே சாவி.

காலையில் படகு போனது. அக்கா துறைமுகத்துக்கு வந்து நின்றார், பையோடு. எதற்கு வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாஸ்போர்ட் இல்லாமல் மாலே வரைக்கும் போகலாம், அதற்குமேல் போக முடியாது என்று அவருக்குத் தெரியும். அடுத்த படகில் சாவி வந்தது. அதற்கடுத்த படகில் அக்கா போனார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் அக்கா ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்தபோது மாமியார் சொன்ன முதல் வார்த்தை இது: "பெத்த பிள்ளை சாகக் கெடக்கும்போதுகூட வர நேரமில்ல, சம்பாத்தியம் அப்பேர்ப்பட்டது." ஆஃபீஸ்ல குடுத்து வை, தனியா இருக்கற பொண்ணு, பாதுகாப்பா இருக்கும் என்று ஃபோனில் சொன்ன அதே வீடுதான். பூட்டிவைத்தவர் யாரும் பதில் சொல்லவில்லை. பூட்டப்பட்டவள் நல்ல தாயா என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பை அடையாளம் காண 11 குறியீடுகளைச் சொல்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பது அதில் ஒன்று, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது இன்னொன்று, தனிமைப்படுத்துவது மற்றொன்று. அதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. ஆனால் நான் கட்டாய உழைப்பாளி இல்லை. சம்பளம் தேதி தவறாமல் வந்தது, பிள்ளைகள் அன்பாக இருந்தார்கள். அதே தீவில் கட்டட வேலைக்கு வந்திருந்த வங்கதேசத்து ஆண்கள் ஒரு தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேராகப் படுத்திருந்தார்கள். அவர்கள் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. என்னுடையது அதோடு ஒப்பிடச் சின்னக் கதை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவர்களிடமிருந்து பிடுங்கியவர்கள் அது உங்கள் நன்மைக்கு என்று சொல்ல மெனக்கெடவில்லை. பெண்ணிடம் எடுத்துக்கொள்ளும்போது அவள் நன்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. நான் சொன்னேன். "தேங்க் யூ சார்" என்று, நல்ல உச்சரிப்பில்.

அக்கா போன வாரமே அலுவலகத்துக்குப் போய் என் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். தேவைப்படும்போது தருகிறோம் என்றார்கள். இப்போது தேவை என்றேன். எதற்கு? ஊருக்குப் போகிறீர்களா? இல்லை. பிறகு எதற்கு? இந்த "எதற்கு"க்கு என்னிடம் பதில் இல்லை. என்னுடையது என்பதைத் தவிர வேறு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சார்களுடையதும் அதே லாக்கரில்தான் இருந்தது. ஆனால் அவர்களில் இரண்டு பேர் போன வருடம் கேட்டபோது எதற்கு என்று யாரும் கேட்கவில்லையாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களை நீங்கள் படித்திருக்கிறீர்களா? நான் அதுவரை படித்ததில்லை. அப்பா பெயர், அம்மா பெயர், கணவன் பெயர் இருக்கும் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கைகள் அச்சான பகுதியைக் கண்டதில்லை. கேரள டீச்சரிடம் நகல் இருந்தது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று அதில் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அது எப்போதும் உரியவரிடமோ, அவர் அனுமதி அளித்தவரிடமோதான் இருக்கவேண்டும். இதெல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் இல்லை, என்றாலும் எனக்கு அந்தச் சாக்கு செல்லாது. மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதினேன். இதுவரை நான் அளித்ததாகக் கருதப்பட்ட அனுமதியை இந்தத் தேதியோடு திரும்பப் பெறுகிறேன். ஒரு 'ஷல்' கூடப் போட்டேன். ஐந்து வாரம் கழித்துக் கிடைத்தது. அந்த ஐந்து வாரமும், பிறகு பல மாதங்களும், பத்து வருட சார் என்னோடு பேசவில்லை. டீச்சர்களில் சிலரும் பேசவில்லை. அது அதிகமாக வலித்தது. உன்னால் எங்களுக்கும் கெட்ட பெயர் என்றார்கள். அவர்களுக்கு வீட்டில் கடன் இருந்தது, ஒப்பந்தம் வருடாவருடம் புதுப்பிக்கவேண்டியிருந்தது. அவர்கள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அப்போது இருந்தது.

இது மாலத்தீவுக் கதை என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளை எடுத்தார்களே, அதை எந்தச் சொல்லால் விற்றார்கள்? மூன்று வருட வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை, பாதுகாப்பான விடுதி. வார்டன் இருப்பார், வெளியே விடமாட்டோம், செல்ஃபோன் கிடையாது. இவை குறைகளாக ஒளித்துவைக்கப்படவில்லை. சிறப்பம்சங்களாகப் பெற்றோரிடம் சொல்லப்பட்டன. ஊர் ஊராகப் போன தரகர்களுக்கு எந்தச் சொல் எந்த அப்பாவிடம் செல்லும் என்று தெரிந்திருந்தது. பாதியில் வெளியேறிய பிள்ளைகளுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்காமல் போனது.

அரசும் இதே பாஷைதான் பேசுகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியகல்வு அனுமதி வேண்டும்; வளைகுடா உள்ளிட்ட சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு 30 வயது ஆகியிருக்கவேண்டும், செவிலியருக்கு விலக்கு. ஆணுக்கு இந்த வயது வரம்பு கிடையாது. நோக்கம் பாதுகாப்பு. நடந்தது என்ன? 30 ஆகாத பெண் போகாமல் இருந்துவிடவில்லை, வறுமைக்கு வயது தெரியாது. சுற்றுலா விசாவில், வேறு வழியில் போனாள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அவளுக்கு ஒன்று நடந்தால் தூதரகத்தின் கதவைத் தட்ட என்ன காகிதம் இருக்கும்?

இன்னும் பின்னால் போகலாம். பண்டித ரமாபாய் 1883-ல் கைக்குழந்தையாய் இருந்த மகளோடு இங்கிலாந்து போனார். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்தார். அவர் ஆங்கிலேய இளைஞர்களுக்கும் வகுப்பு எடுக்கலாமே என்ற யோசனை வந்தபோது பம்பாயிலும் லாகூரிலும் இருந்த பிஷப்புகள் எதிர்த்தார்கள். எல்லாம் அவருடைய நல்ல பெயரைக் காப்பாற்றத்தான். ரமாபாய் பதில் எழுதினார்: என் அம்மாவோ நானோ ஆண்களுக்குக் கற்பிப்பதை என் அப்பாவோ என் கணவரோ எதிர்க்கவில்லை, இங்கிலாந்துக்காரர்களாகிய நீங்கள் எதிர்ப்பது ஆச்சரியமாக இருக்கிறது என்ற பொருளில். வெளிநாடு போன ஆசிரியையை அவளிடமிருந்தே காப்பாற்றும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது. இடம் மாறியது, நிறம் மாறியது, வேலை மாறவில்லை.

சரி, ஆபத்து உண்மைதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். இரண்டாம் வருடம் ஒருவன் என்னைப் படகுத்துறையிலிருந்து வீடுவரை பின்தொடர்ந்தான், அவன் நம்மூர்க்காரன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு எனக்கு எது உதவியது? ஜோலியில் உட்கார்ந்திருந்த பாட்டியும் அவர் மகளும். தெருவில் பெண்கள் இருந்தது உதவியது. கையில் ஃபோனும் அதில் காசும் இருந்தது உதவியது. எப்போது வேண்டுமானாலும் இந்த வேலையை விட்டுப் படகு ஏறலாம் என்று பை அடியில் இருந்த பாஸ்போர்ட் உதவியது. அது இருந்ததால்தான் மறுநாள் பயமில்லாமல் புகார் கொடுத்தேன். ஆறு மணிச் சட்டம் உதவவில்லை. "ஆறு மணிக்கு மேல உனக்கு வெளியில என்ன வேலை" என்று என்னைக் கேட்கத்தான் அது பயன்பட்டது. 2015-ல் டெல்லிக் கல்லூரிப் பெண்கள் 'பிஞ்சரா தோட்' என்று விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்த செய்தியை நான் தீவில் இருந்தபடி வாசித்தேன். கூண்டை உடை என்று அர்த்தம். பெண்ணைப் பூட்டினால் தெரு காலியாகும். காலியான தெருவில் வெளியே வந்தவள் தனியாவாள். அவளைக் காட்டி அடுத்தவளைப் பூட்டுவார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் மர்மமே இல்லை. சம்பளம் ருஃபியாவில். டாலராக்கி ஊருக்கு அனுப்பினால் அது போய்ச் சேர்ந்தது அப்பாவும் நானும் சேர்ந்து வைத்திருந்த கணக்குக்கு. ஏடிஎம் அட்டை அப்பாவிடம். தனியா இருக்கற பொண்ணுகிட்ட பணம் இருந்தா பாதுகாப்பில்ல. 2016 அக்டோபரில் மாலத்தீவு அரசு வெளிநாட்டவர் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு 3 சதவீத வரி போட்டது, 2020 தொடக்கம் வரை அது இருந்தது. எங்கள் ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் கொதித்தோம். 3 சதவீதத்துக்கு. மீதி 97 யார் கையில் இருக்கிறது என்று ஒருநாளும் அங்கே பேச்சு வந்ததில்லை. சங்கிலி மீண்டது, அண்ணனுக்குக் கடை வந்தது, வீட்டுக்கு மாடி வந்தது. மாடியின் பத்திரம் யார் பெயரில் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் இதையெல்லாம் முதல் பத்து நாளிலேயே புரிந்துகொண்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிய அதே நான்தான், கணக்கைத் தனியாக்கச் சொல்ல இன்னும் மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன். அந்நியர்களிடம் எழுதிய மூன்று வரிக் கடிதத்தை அப்பாவுக்கு எழுத முடியவில்லை.

முதல் விடுமுறைக்கு 2014 டிசம்பரில் வந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து ரயில். அப்பா ஜங்ஷனுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார், இளைத்திருந்தார். வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்ததும், "அந்த பாஸ்போர்ட்டக் குடும்மா, பீரோல வைக்கேன். பாதுகாப்பா இருக்கும்" என்று கையை நீட்டினார்.

என்கிட்டயே இருக்கட்டும்ப்பா என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா கையை மடக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனார். அன்று ராத்திரி சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. பதினோரு மாதம் கழித்துச் சாப்பிட்ட அம்மாவின் ரசத்தை நான் மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.